சிவப்பு ஒயரும் மஞ்சள் ஒயரும்

2023 தை மாதம் வண்டி எடுத்தோம். டெலிவரி வாங்கிய கையோடு பாடிகாட் முனீஸ்வரர் கோயில். பூசாரி மாலை போட்டு, சூடம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். நான்கையும் நசுக்கிவிட்டுக் கிளம்பினோம். நேராக வீட்டுக்குப் போயிருக்கலாம். மனைவி முறைக்க முறைக்க வண்டியை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குத் திருப்பினேன்.

சென்னைக்காரர்களுக்கு ஜி.பி. ரோடு பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒரு வரி: அண்ணா சாலையை ஒட்டிய தெரு, வரிசையாகக் கார் ஆக்சசரீஸ் கடைகள், வேலை பெரும்பாலும் தெருவோரத்திலேயே நடக்கும். வண்டியின் வேகத்தைக் குறைத்தாலே போதும், இரண்டு பையன்கள் கூடவே ஓடி வந்து, "சீட் கவரா சார், ஸ்டீரியோவா?" என்பார்கள்.

எனக்கு ஸ்டீரியோ. நான் எடுத்தது நடு வேரியன்ட். பெரிய திரையும் ரிவர்ஸ் கேமராவும் டாப் வேரியன்டில்தான் வரும், அதற்கு ஏறக்குறைய 90 ஆயிரம் கூட. ஜி.பி. ரோட்டில் ஒன்பது இன்ச் ஆண்ட்ராய்டு திரை, கேமரா, கூடவே கொஞ்சம் கம்பீரமான ஹாரன், எல்லாம் சேர்த்து 23 ஆயிரம் என்றார்கள். அரைமணி நேரம் பேரம் பேசி 22,500-க்கு முடித்தேன். அந்த 500 ரூபாயைக் குறைத்ததில் எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. காரணம் பின்னால் வருகிறது.

இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. "கம்பெனி வாரண்டிக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று ஒரு வார்த்தை கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆவாதுண்ணே" என்று பதில் வந்தது. ஷோரூமில் இதையே கேட்டபோது, "வெளியில கை வச்சா மொத்த வாரண்டியும் போயிடும் சார்" என்றிருந்தார்கள். ஒருவர் ஒன்றுமே ஆகாது என்கிறார், இன்னொருவர் எல்லாமே போய்விடும் என்கிறார். இரண்டுமே பொய் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பதினான்கு மாதம் ஆனது.

முதல் பஞ்சாயத்து மார்கழியில். வெள்ளிக்கிழமை இரவு வண்டியை நிறுத்திவிட்டு ரயிலில் ஊருக்குப் போய்விட்டு, திங்கள் காலை வந்து சாவியைத் திருப்பினால் டக் டக் என்ற சத்தம் மட்டும். பேட்டரி இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வண்டியிலிருந்து ஒயர் கொடுத்து ஸ்டார்ட் செய்தோம். இரண்டு வாரம் கழித்து மறுபடியும். மூன்றாவது முறை பேட்டரி எழுந்திருக்கவே இல்லை.

பத்து மாத வண்டிதானே, பேட்டரியை மாற்றித் தருவார்கள் என்று சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்கேதான் முதல் பாடம். பேட்டரியும் டயரும் காரின் வாரண்டிக்குள் வராது. அவற்றைத் தயாரித்த கம்பெனிகளின் தனி வாரண்டி அவை. பேட்டரிக்காரர்கள் சோதித்துப் பார்த்துவிட்டு, மறுபடி மறுபடி அடிமட்டம் வரை இறங்கியதால் உள்ளே இருக்கும் பிளேட் போய்விட்டது, தயாரிப்புக் குறை இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். புது பேட்டரிக்கு 4,800 ரூபாய் கொடுத்தேன்.

ஏன் இறங்கியது என்று கண்டுபிடித்தவர் முகப்பேரில் கடை வைத்திருக்கும் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன். வண்டியை அணைத்து, பூட்டி, அரைமணி நேரம் அப்படியே விட்டார். பிறகு மல்டிமீட்டரை பேட்டரியின் நெகட்டிவ் ஒயரில் தொடராகக் கோத்துக் காட்டினார். 0.4 ஆம்பியர். தூங்குகிற வண்டி 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டும் என்றார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: என் பேட்டரி 35 ஆம்பியர்-ஹவர், அதாவது ஒரு ஆம்பியர் வீதம் எடுத்தால் 35 மணி நேரம் தாங்கும். வெள்ளி இரவிலிருந்து திங்கள் காலை வரை சுமார் 60 மணி நேரம். 0.4 பெருக்கல் 60, ஆக 24. மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் பேட்டரி, வண்டி நகராமலேயே காலி. ஒழுங்கான வண்டியில் அதே 60 மணி நேரத்துக்கு 3-தான் போயிருக்கும்.

ஸ்டீரியோவை வெளியே இழுத்தார். எல்லா ஸ்டீரியோவிலும் ஒரு மஞ்சள் ஒயர், ஒரு சிவப்பு ஒயர். மஞ்சளில் எப்போதும் கரண்ட் இருக்கும், நேரம், ஸ்டேஷன் எல்லாம் நினைவில் வைத்திருக்க. சிவப்பில் சாவியைத் திருப்பினால்தான் கரண்ட் வரும், விழித்துக்கொள் என்று சொல்ல. என் வண்டியில் இரண்டையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். ஆக ஸ்டீரியோவைப் பொறுத்தவரை சாவி எப்போதும் ஆன். வண்டியை நிறுத்திய பிறகும் திரை எரிந்துகொண்டே இருந்தது எனக்கே தெரியும். பட்டனை அழுத்தித் திரையை அணைத்துவிட்டுத்தான் தினமும் இறங்குவேன். ஆண்ட்ராய்டு என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். திரைதான் அணைந்தது, உள்ளே இருந்த கம்ப்யூட்டர் அணையவில்லை.

இதில் நான் யாரையும் குறை சொல்ல முடியாது. நானாகப் போய் மாட்டிய பொருள், அதனால் வந்த பழுது. கார் கம்பெனி கை விரித்தது நியாயம். பேட்டரி கம்பெனி கை விரித்ததும் நியாயம். எலக்ட்ரீஷியன் மஞ்சளையும் சிவப்பையும் பிரித்து, கம்பெனி ஒயரை வெட்டிய இடங்களில் சால்டர் வைத்து 600 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

இரண்டாவது பஞ்சாயத்துதான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

சித்திரை வெயில். ஏ.சி. குளிரவில்லை. சர்வீஸ் சென்டரில் பார்த்துவிட்டு, கேஸ் இல்லை, கூலிங் காயிலில் கசிவு என்றார்கள். டேஷ்போர்டுக்கு அடியில், மூக்குக்கு நேரே குளிர்காற்று அனுப்பும் அந்தக் காயிலை மாற்ற மொத்த டேஷ்போர்டையும் இறக்க வேண்டும். ஒரு நாள் வேலை, கூலியோடு 16 ஆயிரம். வண்டிக்கு மூன்று வருட வாரண்டி, ஓடியிருந்தது பதினாறாயிரம் கிலோமீட்டர். நான் கவலைப்படவே இல்லை.

சர்வீஸ் அட்வைசர் மாலை நான்கு மணிக்கு அழைத்தார். "சார், டேஷ்போர்டு வெளியில கழட்டியிருக்காங்க சார். ஒயர் வெட்டியிருக்கு சார். வெளி ஃபிட்டிங் இருந்தா வாரண்டி வராது சார்."

நேரில் போனேன். ஸ்டீரியோ ஓட்டைக்குள் எட்டிப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன், என் வெட்டுக்காயங்கள் எல்லாம் அங்கேதான் இருந்தன. பேட்டரி விஷயத்தில் அடி வாங்கியவன் என்பதால் ஒரு நிமிடம் நானே தலையாட்டியிருப்பேன். அப்புறம்தான் உறைத்தது. ஸ்டீரியோவை முன்பக்கமாக நாலு ஸ்க்ரூ கழற்றி மாட்டினார்கள். காயில் வேறு பெட்டிக்குள், வேறு இடத்தில் இருக்கிறது. ஒயருக்கும் காயிலில் விழுந்த ஊசி ஓட்டைக்கும் என்ன சம்பந்தம்?

வாரண்டி புத்தகத்தை எடுத்துக்கொண்டு வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்தேன். யாரும் படிக்காத புத்தகம் அது. வண்டி வாங்கிய நாளில் உறையோடு கிளவ் பாக்ஸில் போனது, அன்றுதான் வெளியே வந்தது. விலக்குகள் பக்கத்தில் இரண்டு வரிகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்று, மாற்றங்களின் விளைவாக ஏற்படும் பழுதுகளுக்கு வாரண்டி இல்லை. இன்னொன்று, மாற்றப்பட்ட வாகனத்துக்கு வாரண்டி இல்லை. முதல் வரி பழுதைப் பற்றிப் பேசுகிறது, இரண்டாவது வண்டியைப் பற்றிப் பேசுகிறது. சண்டை முழுவதும் இந்த இரண்டு வரிகளுக்கு நடுவில்தான். உங்கள் புத்தகத்தையும் எடுத்துப் பாருங்கள், இரண்டில் எது இருக்கிறது, அல்லது இரண்டுமே இருக்கின்றனவா என்று.

இணையத்தில் இதைப் பற்றித் தேடினால் எல்லாரும் அமெரிக்கச் சட்டம் ஒன்றைச் சொல்வார்கள். மேக்னசன்-மாஸ் வாரண்டி சட்டம், 1975. எங்கள் பிராண்ட் பாகத்தைத்தான் போட வேண்டும், இல்லையென்றால் வாரண்டி இல்லை என்று கம்பெனி நிபந்தனை போடக் கூடாது என்பது அதன் சாரம். நல்ல சட்டம். அம்பத்தூர் சர்வீஸ் சென்டரில் அதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

நமக்குக் கிட்டத்தில் வருவது இந்தியப் போட்டி ஆணையத்தின் 2014 ஆகஸ்ட் உத்தரவு. உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் கருவிகளையும் வெளிச் சந்தைக்கு விடாமல் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று ஒரு வாடிக்கையாளர் கொடுத்த புகாரில் தொடங்கி, கடைசியில் 14 கார் நிறுவனங்கள் மீது மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதத்தில் முடிந்த வழக்கு. அபராதத்தை எதிர்த்து நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போனது தனிக்கதை. நமக்கு வேண்டியது அந்த உத்தரவில் இருந்த ஒரு கருத்து: வெளி மெக்கானிக்கிடம் வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யக் கூடாது, அந்த வேலையால் எவ்வளவு சேதமோ அந்த அளவுக்குத்தான் மறுக்கலாம். அது வெளி ரிப்பேர் பற்றிச் சொன்னது, நான் செய்தது போன்ற மாற்றங்களைப் பற்றியது அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நியாயம் ஒன்றுதான்: எது எதைக் கெடுத்தது என்று காட்டு.

இதையெல்லாம் நான் அட்வைசரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மேனேஜர் வந்திருப்பார், குரல் உயர்ந்திருக்கும், வண்டி அங்கேயே கிடந்திருக்கும். நான் சொன்னது ஒன்றுதான்.

"சரி தம்பி. ஜாப் கார்டுல எழுதிக் கொடுத்துடுங்க. கூலிங் காயில் கசிவு, வெளியில் ஸ்டீரியோ மாட்டியதால் ஏற்பட்டது, அதனால் வாரண்டி மறுக்கப்படுகிறதுன்னு. கையெழுத்தும் சீலும் போட்டுக் கொடுங்க, நான் வண்டியை எடுத்துட்டுப் போயிடறேன்."

"அப்படியெல்லாம் எழுத மாட்டோம் சார்."

"வாய்ல சொல்றதைத்தானே எழுதச் சொல்றேன்?"

அவர் உள்ளே போனார். இருபது நிமிடம் கழித்து ஃப்ளோர் இன்சார்ஜ் வந்தார். வயதானவர், கையில் கிரீஸ். டீ சொன்னார். அவர் விளக்கியபோதுதான் அந்தப் பையன் ஏன் அப்படிப் பேசினான் என்று புரிந்தது. வாரண்டியில் செய்யும் வேலைக்கு டீலர் முதலில் கைக்காசைப் போடுகிறார். போட்டோ, பழுது விவரம் எல்லாம் சேர்த்துக் கம்பெனிக்கு கிளெய்ம் அனுப்ப வேண்டும், கழற்றிய பழைய பாகத்தை ஆய்வுக்கு வைத்திருக்க வேண்டும். கம்பெனி அந்த போட்டோவில் வெட்டிய ஒயரைப் பார்த்துக் கிளெய்மைத் தள்ளிவிட்டால் 16 ஆயிரமும் டீலர் தலையில் விடியும். அதனால் டேப் சுற்றிய ஒயரைக் கண்டதுமே "வராது" என்று சொல்லிவிடுவது அவர்களுக்குப் பாதுகாப்பு. பாதிப் பேர் பேசாமல் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள் என்றும் அவரே சொன்னார், கொஞ்சம் சிரித்துக்கொண்டே.

அவர் செய்த உதவி, கம்பெனியின் வாரண்டி இன்ஜினியர் அடுத்த முறை வரும்போது வண்டியைக் காட்டுவது. காயிலை வெளியே எடுத்து நைட்ரஜன் அழுத்தம் கொடுத்து சோப்புத் தண்ணீரில் பார்த்தார்கள். மூலையில், குழாய் வளைந்து திரும்பும் இடத்தில் குமிழி வந்தது. ஸ்க்ரூ டிரைவர் பட்ட அடையாளமோ நசுங்கலோ எதுவும் இல்லை. பதினோரு நாள் ஏ.சி. இல்லாத ஆட்டோவில் ஆபீஸ் போனேன். பன்னிரண்டாம் நாள் கிளெய்ம் பாஸ் ஆகிவிட்டது என்று செய்தி வந்தது.

பாஸ் ஆகியிருக்காவிட்டால் என்ன செய்திருப்பேன்? எழுத்தில் மறுப்பு வாங்கி, கம்பெனியின் தலைமை வாடிக்கையாளர் பிரிவுக்கு மெயில் போட்டு, அதற்கும் மசியவில்லையென்றால் 1915-க்கு அழைத்திருப்பேன், அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. எல்லா இடத்திலும் கேட்கப் போவது அந்த ஜாப் கார்டைத்தான்.

இந்தக் கதையை மதுரையில் என் மச்சானிடம் சொன்னபோது, "அப்ப நானும் எழுதிக் கேக்குறேன் மாமா" என்று துள்ளினான். அவனுக்கு நடந்தது வேறு. 165/80 ஆர் 14 டயரோடு வந்த வண்டிக்கு, பார்க்க முரட்டுத்தனமாக இருக்க வேண்டும் என்று 205/60 ஆர் 16 போட்டுவிட்டான். கணக்கு தெரிந்தவர்களுக்கு: முதல் எண் டயரின் அகலம் மில்லிமீட்டரில், இரண்டாவது எண் பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, மூன்றாவது ரிம்மின் விட்டம் இன்ச்சில். போட்டுப் பார்த்தால் பழைய டயரின் விட்டம் 620 மி.மீ., புதியது 652. ஐந்து சதவீதத்துக்கு மேல் பெரிசு. ஸ்பீடோ மீட்டர் 100 காட்டும்போது வண்டி 105-ல் போய்க்கொண்டிருக்கும். திருப்பத்தில் டயர் உள்பக்க பிளாஸ்டிக்கை உரசும். அதற்குப் பயந்து வெளியே துருத்துகிற மாதிரி ரிம் போட்டிருந்தான். சக்கரம் வெளியே தள்ளத் தள்ள வீல் பேரிங்கில் விழும் சுமை நெம்புகோல் போலக் கூடும். 22 ஆயிரம் கிலோமீட்டரில் முன் பேரிங் இரண்டும் ஊளையிட ஆரம்பித்தன.

இங்கே எழுதிக் கேட்டால் எழுதியே கொடுப்பார்கள், தம்பி. எதனால் எது கெட்டது என்பது வண்டியைத் தூக்கிப் பார்த்தாலே தெரியும்.

ஆசைக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. அதே மாடலின் மேல் வேரியன்டில் கம்பெனியே என்ன அளவு கொடுக்கிறது என்று பாருங்கள். 165/80 ஆர் 14 வரும் கார்களின் டாப் மாடலில் பெரும்பாலும் 185/65 ஆர் 15 இருக்கும். அதன் விட்டம் 621.5 மி.மீ. வித்தியாசம் இரண்டே மில்லிமீட்டர். (சக்கரம் பெரிதானால் ஓடோமீட்டர் குறைவாக எண்ணும், அதனால் ஒரு லட்சம் கிலோமீட்டர் வாரண்டியில் ஐயாயிரம் இலவசம் என்று மச்சான் ஒரு தத்துவம் சொன்னான். அந்த ஐயாயிரத்தை பேரிங்குக்குக் கொடுத்துவிட்டான்.)

டர்போ வண்டிகளின் ஈ.சி.யூ.வை, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரை, ரீமேப் செய்து அதன் மென்பொருளை மாற்றுபவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. அவர்களுக்கே தெரியும். திரும்பப் பழைய மென்பொருளைப் போட்டுவிட்டால் கண்டுபிடிக்க முடியாது என்ற நம்பிக்கை மட்டும் வேண்டாம். எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கையைச் சில கார்களின் ஈ.சி.யூ.வே வைத்திருக்கும். வெளியில் சி.என்.ஜி. கிட் போடுவதும் அப்படியே. எஞ்சின், எரிபொருள் சம்பந்தப்பட்ட வாரண்டியை அன்றோடு மறந்துவிட வேண்டியதுதான். கம்பெனியே பொருத்திய சி.என்.ஜி. வண்டி எடுப்பவர்கள் கூடக் கொடுப்பது இந்த நிம்மதிக்கும் சேர்த்துத்தான்.

இன்னொன்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வாரண்டி வேறு, ஆர்.டி.ஓ. வேறு, இன்சூரன்ஸ் வேறு. ஆர்.சி.யில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் இதை அழுத்திச் சொன்னது. அதே வருடம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கறுப்பு ஃபிலிம் 2012-லேயே தடை. முன்பக்கம் மாட்டும் இரும்பு கிராஷ் கார்டைத் தடுக்கச் சொல்லி 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு மத்திய அரசு எழுதியது. ஷோரூமிலேயே மாட்டிக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் போலீஸ்காரரிடம் செல்லாது. இன்சூரன்ஸில், வெளியில் மாட்டிய எலக்ட்ரிக் பொருள்களைப் பாலிசியில் சொல்லிச் சேர்த்திருக்க வேண்டும். என் ஸ்டீரியோவை நான் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

வாரண்டிக் காலமும் நீண்டுகொண்டே வருகிறது. மாருதி 2024 ஜூலையில் 2 ஆண்டு, 40 ஆயிரம் கிலோமீட்டர் என்றிருந்ததை 3 ஆண்டு, ஒரு லட்சம் கிலோமீட்டர் ஆக்கியது. முன்பெல்லாம் இரண்டு வருடம் பொறுத்துக்கொள், அப்புறம் என்ன வேண்டுமானாலும் மாட்டிக்கொள் என்பார்கள். இப்போது அந்தப் பொறுமைக்கு மூன்று, ஐந்து, எக்ஸ்டென்டட் எடுத்தால் அதற்கும் மேல். அவ்வளவு நாள் யார் ஒரிஜினல் ஹாரனைச் சகித்துக்கொள்வார்கள்? நான் மாட்டாதீர்கள் என்று சொல்லப் போவதில்லை. நானே போன மாதம் டேஷ் கேம் மாட்டினேன், சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகி, ஒரு ஒயரையும் தொடாமல்.

ஏ.சி. சரியான வாரம், ரிவர்ஸ் கேமரா படம் அலை அலையாக வருகிறது என்று மறுபடி ஜி.பி. ரோடு போனேன். அதே கடை, அதே பையன். என்னை அடையாளம் தெரிந்தது. பேட்டரி கதையைச் சொல்லி, "ஏம்பா, மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கினே?" என்று கேட்டேன்.

கொஞ்சமும் அசராமல் சொன்னான். "அண்ணே, உங்க வண்டிக்குன்னே கப்ளர் வருது. செருகினா போதும், கம்பெனி ஒயர்ல கத்தியே படாது. அன்னைக்கே பில்லுல போட்டிருந்தேன், ஐந்நூறு ரூவா. நீங்கதான் அதை அடிச்சுட்டு வெட்டி ஒட்டிக்கோன்னு சொன்னீங்க."

பின் சீட்டிலிருந்து மனைவியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. கப்ளர் இப்போது 650 ரூபாய். பேரம் பேசவில்லை.